கதருடுத்த வைத்தியர் சுப்பாராவ்

தை மாதம் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கற் பானை இருவர் பொருட்டுப் பொங்குகிறது. ஒருவர் சூரிய பகவான். மற்றவர் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். மேற்கே ஓடிக் கடலில் வீணே விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கிழக்கே திருப்பிவிட்டவர் அவர். கூடலூர் முதல் தேனி வரையில் அவருடைய படம் மாட்டாத கடை குறைவு. பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்டழைக்கும் குடும்பங்களும் உண்டு. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது. அந்நிய துரைத்தனத்தின் உத்தியோகஸ்தர் ஒருவரை இப்படிக் கொண்டாடலாமா என்று நம் நண்பர்களில் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. குடித்த தண்ணீருக்கு நன்றி பாராட்டத் தெரிந்த ஜனங்களைக் குறை கூற நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

அந்தத் தண்ணீர் வந்த அதே 1895-ஆம் ஆண்டில், ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த கோதாவரி ஜில்லாவில், பீமவரம் என்னும் ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு எல்லாப்பிரகட சுப்பாராவ் என்று பெயர். அவர் தேடிக் கண்ட மருந்துகளில் ஒன்று இன்று கம்பத்திலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் சில வீடுகளில், பூஜை மாடத்துக்கருகே ஒரு தகரப் பெட்டியில், சிறு மஞ்சள் மாத்திரையாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அதை ஒரு குழந்தை விழுங்குகிறது. அந்த வீட்டில் அவர் படமில்லை. அவர் பெயரைக் கேட்டறிந்தவரும் இல்லை. மருந்தை எழுதிக் கொடுத்த வைத்தியருக்கே தெரிந்திருக்குமென்று நாம் பந்தயம் கட்ட மாட்டோம்.

அந்தக் குழந்தைக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய். அதிலும் குழந்தைகளையே பெரும்பாலும் பற்றுகின்ற வகை. டாக்டர்கள் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்று சொல்வது. நம் உடம்பில் ரத்தம் ஊறுகின்ற இடம் எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜை. அங்கே முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, வயலில் கோரை மண்டினாற்போல் மண்டிவிடுகின்றன. பயிருக்கு இடமில்லாமற் போகிறது. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறிச் சோர்கிறது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணு குறைவதால் ஈறிலும் மூக்கிலும் ரத்தங் கசிகிறது; தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. நல்ல வெள்ளணு இல்லாமையால் ஜுரம் விடுவதில்லை. கால் வலிக்கிறதென்று இரவெல்லாம் அழுகிறது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. 1947-ஆம் ஆண்டு முடியும் வரையில் உலகத்தின் எந்த ஆஸ்பத்திரியிலும் இதற்கு மருந்து கிடையாது. நோய் கண்ட சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், குழந்தை இறந்துவிடும். பெற்றோருக்கு ஆறுதல் சொல்வதே வைத்தியருடைய வேலையாயிருந்தது.

இந்த நிலைமை மாறியதற்குச் சுப்பாராவ் ஒரு முக்கிய காரணம். ஆனால் அவர் சரித்திரத்தைப் படிக்கிறவர்களுக்கு, இப்படிப்பட்டவர் இந்தக் காரியத்தைச் செய்வாரென்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்றே தோன்றும்.

தகப்பனார் ஜகந்நாதம் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்; உடம்புக்கு முடியாமல் முன்னதாகவே ஓய்வு பெற்றார். ஏழு குழந்தைகள். வீட்டில் தரித்திரம். சுப்பாராவ் பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாமென்பது யோசனை. தாயார் வேங்கம்மா ஆளனுப்பிப் பிடித்து வரச் செய்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்துத்தான் தேறினார். பரீட்சையில் தவறிய பிள்ளைகளை நாம் எவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடுகிறோமென்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது.

பிரஸிடென்ஸி காலேஜில் படிக்கும்போது அவருடைய மனம் துறவில் சென்றது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. தாயின் சம்மதமின்றி மடத்தாரும் ஏற்கவில்லை. வைத்தியம் படித்து அதன் மூலம் தொண்டு செய்யலாமென்று வழி காட்டினர். அவ்வாறே 1915-ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்புதான் முத்துலட்சுமி அம்மையார் அதே கலாசாலையிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்திருந்தார். பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை எழுப்பியவர் அவரே. ஒரே கலாசாலை வாசலில் நுழைந்த இவ்விருவருடைய வேலையும் பல ஆண்டுகள் கழித்து ஒரே குழந்தையின் கட்டிலருகே வந்து சேர்ந்ததை மேலே சொல்வோம்.

படிப்புக்குப் பணமில்லை. நண்பர்கள் உதவினர். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்ற கனவான் கை கொடுத்தார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-இல் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் குரல் தேசமெங்கும் ஒலிக்கத் தொடங்கிய காலம். அந்நியத் துணியை விலக்கும்படி அவர் சொன்னதைக் கேட்டுச் சுப்பாராவ் கதருடுத்தி ஆஸ்பத்திரிக்குச் சென்றார். சத்திரசிகிச்சைப் புரொபஸராயிருந்த பிராட்பீல்டு என்ற துரைக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் சுப்பாராவ் நன்றாகவே தேறியிருந்தும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு முழம் கதருக்காக ஒரு பட்டத்தை இழந்தார் என்று சொன்னால் அது அலங்காரமில்லை, நடந்த சங்கதி. சென்னை ராஜதானி வைத்திய இலாகாவில் உத்தியோகத்துக்கு முயன்றார்; அதுவும் கிட்டவில்லை. கடைசியில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூறு போதிக்கும் வேலை கிடைத்தது.

இதற்கிடையே அவர் வீட்டில் யமன் புகுந்தான். ஸ்ப்ரூ என்றொரு குடல் நோய் உண்டு. உஷ்ண தேசங்களில் வருவது. ஓயாத பேதி, உண்ட உணவில் சத்து ஒட்டாது, நாக்கு வெந்து, ரத்தம் வெளுத்து, மனிதன் குச்சியாகிச் சாவான். அந்நோய்க்குச் சுப்பாராவின் சகோதரர் இருவர் அடுத்தடுத்துச் சில நாட்களுக்குள்ளேயே பலியாயினர். அவரையும் அது பற்றியது. மேனாட்டு வைத்தியம் படித்தவரை அம்மருந்துகள் காக்கவில்லை. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தெழுந்தார். இதைக் கொண்டு ஆயுர்வேதத்தால் எல்லாம் தீருமென்று சாதிக்க நாம் முன்வரவில்லை. சுப்பாராவும் அப்படிச் சொல்லவில்லை. குணமாக்கியது எது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்கும் புத்தி அவருக்கு அப்போது உண்டாயிற்று. சகோதரர்களைக் கொன்ற நோயின் வேரைக் காணவேண்டுமென்ற எண்ணம் அவரை விடவேயில்லை.

காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மத்தார் உதவுவதாக வாக்களித்தனர். மாமனாரும் பணம் திரட்டினார். 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை அடைந்தார். கர்ப்பிணியாயிருந்த மனைவியை ஊரில் விட்டுச் சென்றார். மூன்று வருஷத்தில் திரும்புவதாகப் பேச்சு. திரும்பவேயில்லை. அவர் முகங் காணாத ஆண் குழந்தை மழலைப் பருவத்திலேயே மாண்டது. சேஷகிரி அம்மாள் காத்திருந்தே காலங் கழித்தார். பெரியோர் சரித்திரம் எழுதுகிறவர்கள் இவ்விடத்தைத் தியாகம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டு மேலே போவது வழக்கம். யாருடைய தியாகம் என்று கேட்பாரில்லை. நாம் கேட்கிறோம், விடை சொல்லச் சுப்பாராவும் இல்லை, அந்த அம்மாளும் இல்லை.

பாஸ்டனில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணதேச வைத்தியம் படித்துச் சான்றிதழ் பெற்றார். பகலில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தஞ் செய்யும் வேலை. சென்னையில் டாக்டர் என்று அழைக்கப்பட்டவர் கூலிக்கு இந்த வேலையைச் செய்தார். பிறகு உயிர்-ரசாயன இலாகாவில் சைரஸ் பிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் மூத்திரத்திலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதென்று அளந்தறிவதற்கு இருவரும் கண்ட முறை 1925-இல் வெளியாயிற்று. இன்றைக்கும் ரசாயன மாணவர்கள் அதை இவ்விருவர் பெயராலேயே படிக்கின்றனர். 1927-இல் தசை வேலை செய்வதற்கு வேண்டிய சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைக் கண்டனர். 1929-இல் ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தால் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்திருக்கும் உயிர்ச்சக்திப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர ஸ்தானம் அளிக்கவில்லை. சென்னையில் சட்டை தடுத்தது. அங்கே எது தடுத்ததென்று நாம் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1940-இல் நியூயார்க்குக்கு அருகே பேர்ல் ரிவர் என்ற இடத்திலிருந்த லெடர்லே மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். விரைவிலேயே அதன் தலைவரானார். அங்கிருந்த எட்டு வருஷத்தில் அவரும் அவர் கீழ் வேலை செய்தவர்களும் சாதித்தவற்றில் இரண்டொன்றை மட்டும் சொல்லிவிட்டு நம் விஷயத்துக்கு வருகிறோம். யானைக்கால் நோய்ப் புழுக்களைக் கொல்லும் ஹெட்ரஜான் அங்கே பிறந்தது. நம் நாட்டில் சர்க்கார் வீடு வீடாக இலவசமாக வழங்கிய யானைக்கால் மாத்திரை அதுதான். டெட்ராசைக்ளின் வர்க்கத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினைத் தக்கர் என்ற முதியவர் மண்ணிலிருந்த நுண்ணுயிரொன்றிலிருந்து கண்டதும் அங்கேயே.

சுப்பாராவின் நெஞ்சிலிருந்ததோ ஸ்ப்ரூ. அந்நோயில் ரத்தம் வெளுப்பதேன்? இக்கேள்விக்கு விடை தேடும் வேலையை முன்பே ஒரு மாதர் நம் தேசத்தில் தொடங்கியிருந்தார். லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1928 முதல் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களிடையே ஆராய்ச்சி செய்தார். கர்ப்ப காலத்தில் ரத்தஞ் சுண்டி அப்பெண்கள் செத்துக்கொண்டிருந்தனர். நம் குன்னூரிலும் வந்திருந்து எலிகளை வைத்துச் சோதித்தார். ஈஸ்ட் சாரத்தை உண்ணக் கொடுத்தால் அந்த ரத்தக் குறைவு தீர்கிறதென்று கண்டார். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் இருக்கும் அந்தச் சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதை ஈரலிலிருந்து அணு அணுவாகப் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1945-இல் ஆராய்ச்சிசாலையிலேயே செயற்கையாகச் செய்து காட்டியது சுப்பாராவின் குழு. ஸ்ப்ரூவில் வரும் ரத்தக் குறைவுக்கு அது கைகண்ட மருந்தாயிற்று. தம்மிருவரும் செத்து இருபதாண்டுக்கு மேலான பின் அண்ணன்தம்பிக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. இன்று நம் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்துடன் சேர்த்துத் தரப்படும் மாத்திரையில் இருப்பதும் இதே பொருள்.

இதன் பின் நடந்ததே நம் கதைக்கு உயிர்நிலை. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸிட்னி பார்பர் என்பவர் பிணப் பரிசோதனை டாக்டராயிருந்தார். ரத்தப் புற்றில் இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். சுப்பாராவின் குழு அனுப்பிய போலிக் அமிலச் சேர்க்கைகளைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தணியவில்லை, வேகங் கொண்டாற்போலத் தோன்றியது. சாமானிய மனிதராயிருந்தால் அத்துடன் ஓடியிருப்பார். பார்பர் அதை வேறு விதமாகப் படித்தார். இந்தச் சத்து புற்றணுவுக்கு உரமானால், இச்சத்தைப் போலவே தோற்றங் காட்டி, ஆனால் சத்தில்லாத பொய்ப் பொருளொன்றைக் கொடுத்தால் புற்றணு பட்டினியால் சாகுமல்லவா? பூட்டுக்குள் ஒத்துப் போய், ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச் சாவியைப் போல. அப்படிப்பட்ட பொருள்களைச் செய்து தரும்படி கேட்டார். போலிக் அமிலத்தின் அமைப்பை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்த சுப்பாராவின் கூட்டத்துக்கு இது இயலாத காரியமன்று. அங்கிருந்த ரசாயனிகள் சிறு மாற்றங்கள் செய்து பல பொருள்களை உண்டாக்கினர். அவற்றுள் ஒன்று அமினாப்டெரின். அதற்கு அடுத்து வந்து, விஷத்தன்மை குறைந்து, இன்றும் நிலைத்திருப்பது மெதொட்ரெக்ஸேட்.

1947 டிசம்பர் இறுதியில் அமினாப்டெரின் முதன்முதலாக ஒரு குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. 1948 ஜூன் 3-ஆம் தேதி பார்பர் தம் முடிவுகளை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்திருந்தது. படுத்த குழந்தை எழுந்து விளையாடிற்று. சில மாதங்களில் நோய் திரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். பல டாக்டர்கள் நம்பவில்லை. சாகும் குழந்தையை இன்னுஞ் சில மாதம் வதைப்பானேன் என்று குறை கூறினவரும் உண்டு. ஆயினும் ரத்தப் புற்று மருந்துக்கு அடங்குமென்பது மனித சரித்திரத்தில் அன்றுதான் முதலில் நிரூபணமாயிற்று.

சுப்பாராவ் அதன் பின் இரண்டு மாதமே உயிரோடிருந்தார். 1948 ஆகஸ்டில் ஓரிரவு உறங்கியவர் விழிக்கவில்லை. இருதய நோய். வயது 53. பாரத தேசம் சுதந்திரமடைந்து ஒரு வருஷம் நிறையவிருந்த சமயம். கால் நூற்றாண்டு அந்நிய நாட்டில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுப் பிரஜையாகவில்லை. அவர் பெயரை ஒரு பூஞ்சைக்கு இட்டிருக்கிறார்கள். 1995-இல் நம் சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. நோபெல் பரிசு தரவில்லையே என்று குறைபடுகிறவர்கள் பலர். அக்குறையில் நமக்கு அவ்வளவு சிரத்தையில்லை. மேலும், இம்மருந்துகளை அவர் ஒருவரே கண்டாரென்று மேடையில் முழங்குவதும் பிசகு. டோரிஸ் ஸீகர் முதலிய ரசாயனிகளின் கைகளும் பார்பரின் துணிவும் லூஸி வில்ஸின் உழைப்பும் அவற்றில் கலந்திருக்கின்றன. சுப்பாராவ் தம் பெயரை முன்னால் நிறுத்தாமல் ஒதுங்கியே நின்றவர். அவரைப் புகழ வேண்டி மற்றவரை மறைத்தால் அவருக்கே அது ஒவ்வாது.

அவருக்குப் பின் வேலை நிற்கவில்லை. எலியனும் ஹிட்சிங்ஸும் கண்ட மெர்காப்டோப்யூரின் 1950-களில் வந்தது. நம் ஊர்ப் பிணவறை ஓரத்திலும் சுடுகாட்டு வேலியிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் எடுத்தார்கள். மருந்துகளை ஒவ்வொன்றாய்க் கொடுக்காமல் சேர்த்துக் கொடுத்தால் நோயை வேரறுக்கலாமென்று 1962 முதல் அமெரிக்காவில் பிங்கெல் என்பவர் காட்டினார். மூளைக்குள்ளும் தண்டுவட நீரிலும் ஒளிந்துகொள்ளும் புற்றணுக்களை, முதுகெலும்பில் ஊசியிட்டு மெதொட்ரெக்ஸேட் செலுத்திக் கொல்லும் வழியும் பிறந்தது. செல்வ நாடுகளில் இன்று இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் 1984 முதல் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, பம்பாய் டாடா ஆஸ்பத்திரி, டில்லி எய்ம்ஸ் மூன்றும் கூடி எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையைக் கையாண்டன. அதற்கு முன் பெரும்பாலும் இறந்துகொண்டிருந்த நம் குழந்தைகளில் பலர் அதன் பின் பிழைத்தனர். முத்துலட்சுமி அம்மையார் 1954-இல் திறந்து வைத்த ஆஸ்பத்திரியின் கட்டிலில், சுப்பாராவின் ஆராய்ச்சிசாலையிற் பிறந்த மருந்து ஏறிற்று.

இனிக் கம்பத்துக்குத் திரும்புவோம். மருந்து மலிவு. மெதொட்ரெக்ஸேட் மாத்திரைக்கு ஆகும் செலவு ஒரு தேநீர்ச் செலவுக்கு அதிகமிராது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் தேசத்தில் குழந்தைகள் இந்நோயால் சாகிறார்களென்றால், அதன் காரணங்களுள் ஒன்று, சிகிச்சையை நடுவில் விட்டுவிடுவது. இச்சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருஷம் நடக்க வேண்டியது. முதல் மாதத்திலேயே புற்றணுக்கள் கண்ணுக்குப் படாமல் மறைந்துவிடும். உதிர்ந்த முடி முளைக்கும். குழந்தை பள்ளிக்கூடம் போகும். அப்போது பார்க்கிறவர் யாரும், இதற்கு இன்னும் மருந்தெதற்கு என்றுதான் கேட்பார். ஆனால் கண்ணுக்குப் படாதவை மிச்சமிருக்கின்றன. கோரையைத் தரைக்கு மேல் அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டு வந்தால் அடுத்த தண்ணீருக்கு என்ன ஆகுமென்று பள்ளத்தாக்கு விவசாயிக்கு நாம் சொல்ல வேண்டுமா?

விட்டுவிடுகிற பெற்றோரை அறிவீனரென்று ஏசுவது சுலபம். அவர்கள் வாழ்க்கையைப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பிலேறிக் கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஏலத் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர்கள் பலர். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலியில்லை. கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி என்று பஸ்ஸில் போக வேண்டும். ரயில் 2023-இல் போடி வரையில் வந்ததே தவிரக் கம்பத்தை எட்டவில்லை. தாய் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் தங்கினால் வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தைகளுக்குச் சோறு யார் போடுவது? ஊசி போட்ட பின் வாய் புண்ணாகிக் குழந்தை கதறும்போது, இதைவிட வீரபாண்டி கௌமாரியிடம் நேர்ந்துகொண்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமென்று பாட்டி சொல்வாள். நேர்த்திக்கடனை நாம் பரிகசிக்கவில்லை. தீச்சட்டியும் எடுக்கட்டும், மாத்திரையும் நிற்காமலிருக்கட்டும். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

வீட்டில் நடக்க வேண்டியவற்றில் சிலவற்றைச் சொல்ல வேண்டியது பத்திரிகையின் கடமை. மெதொட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. மற்ற மாத்திரையைப் போலத் தினமும் கொடுத்துவிட்டால் மஜ்ஜை வற்றி உயிருக்கே மோசமாகும். படித்தவர் வீடுகளிலும் இப்பிழை நேர்ந்து உயிர் போயிருக்கிறது. கிழமையைச் சுவரில் எழுதி வைப்பது உத்தமம். இளைத்திருக்கிறதே என்று கடையில் சத்து மாத்திரையோ டானிக்கோ வாங்கி டாக்டரைக் கேளாமல் கொடுக்கலாகாது. அதில் போலிக் அமிலமிருந்தால் அது மருந்தின் வேலைக்கே எதிராளியாகும். மேலே சொன்ன பார்பரின் அனுபவத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவென்றும் மழையென்றும் பாராமல், சிகிச்சை செய்யும் டாக்டருக்குச் சொல்லிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். காலை வரை பார்ப்போமென்று கஷாயங் கொடுத்துக் காத்திருப்பது ஆகாது. மதுரை தூரமென்றால், க.விலக்கில் 2004 முதல் நடந்துவரும் தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அருகிலிருக்கிறது. காய்ச்சி ஆறிய தண்ணீர், சோப்பிட்டுக் கழுவிய கை, சூடான உணவு. வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையைக் கொடியிலிருந்து பறித்தபடியே வாயில் போட விடக் கூடாது. திராட்சை விளையும் ஊரில் பிறந்த குழந்தைக்கு இது கடுந் தண்டனைதான். சில நாளைக்குத்தானே!

பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்க ஊர் கூடுகிறது. பந்தல் போடப் பணம் திரள்கிறது. அத்தனை பெரிய ஏற்பாடு இதற்குத் தேவையில்லை. ஊரில் எந்த வீட்டில் இந்நோய் கண்ட குழந்தை இருக்கிறதென்று அக்கம்பக்கத்தார் அறிவர். ஆஸ்பத்திரித் தவணை நாளில் கூலியிழக்கும் தகப்பனுக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்து, பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்து, மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்தால் போதும். கட்சிக் கொடி கட்டவும் கூட்டம் கூட்டவும் இரவு பகலாய் உழைக்கும் நம் தொண்டர்களுக்கு இது முடியாததா? காப்பீட்டுச் சீட்டுக்கு வேண்டிய கடிதத்தைத் தாலுகா ஆபீசில் நின்று வாங்கிக் கொடுப்பது முதலிலேயே செய்யக்கூடியது.

சுப்பாராவின் பிறந்த நாள் ஜனவரி 12. பென்னிகுவிக்கின் பிறந்த நாள் ஜனவரி 15. இரண்டுக்கும் இடையே மூன்றே நாள். வரும் தையில் லோயர் கேம்பில் மாலை போட வருகிறவர்கள், வரும் வழியில், வாரத்தில் ஒரு நாள் மஞ்சள் மாத்திரை விழுங்கும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அடுத்த தவணை எப்போதென்று கேட்டுவிட்டு வரலாம்.